கழற்றினால் தேய்வது எது?

பழைய கடைத்தெருக்களில் இன்னும் சில கடைகளுக்குப் பலகைக் கதவுதான். ஆளுயரப் பலகைகள், ஒவ்வொன்றிலும் 1, 2, 3 என்று எண். மேலே உத்தரத்தில் ஆழமான காடி, கீழே படியில் ஆழம் குறைந்த காடி. பலகையின் தலையை மேல்காடிக்குள் தூக்கிச் செருகி, அடியைக் கீழ்க்காடியில் இறக்கி, ஓரமாகத் தள்ளிவிட்டால் முதல் பலகை நின்றுவிடும். கடைசிப் பலகையும் நின்றபின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, அதில் ஒரு பூட்டு. ஒரு முழுச் சுவர் தினமும் காலையில் பிரிந்து இரவில் கூடுகிறது. ஆண்டுக்கு 300 நாள் கடை திறந்தால் நாற்பது வருடத்தில் 12,000 தடவை. பலகைகளை ஒன்றோடொன்று சேர்க்க ஒரு திருகாணிகூடக் கிடையாது.

வாடகை வீடு மாறியவர்களுக்கு வேறொரு காட்சி பழக்கம். என் வீட்டுத் துணி அலமாரி பார்ட்டிகிள் போர்டில் செய்து தேக்கு நிறத் தாள் ஒட்டியது. சாமான் ஏற்ற வந்த பையன் அதைப் பக்குவமாகத்தான் கழற்றினான். புது வீட்டில் பூட்டும்போது, திருகத் திருக போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. கையை எடுத்துவிட்டு, "மரை போயிடுச்சு சார், மூணாவது தடவைக்கு இது தாங்காது" என்றான். அவன் கையில் பிழை இல்லை. அந்த அலமாரியின் இணைப்பு முதல் நாளிலேயே அப்படித்தான் தீர்மானிக்கப்பட்டிருந்தது.

கழற்றி மாட்டும் இணைப்பு என்றதும் அது எவ்வளவு எடை தாங்கும் என்றுதான் கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஏதோ ஒன்று கொஞ்சம் தேய்கிறது. தேய்மானத்தை யாராலும் ஒழிக்க முடியாது. ஆனால் அது எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்யலாம்: எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று வைக்கக்கூடிய சின்னத் துண்டின் மேலா, மாற்றவே முடியாத பெரிய பலகையின் மேலா? மரச்சாமானிலிருந்து பாலம் வரை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு போனால் நல்ல இணைப்பு எது, ஒப்பேற்றுகிற இணைப்பு எது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இந்த வித்தை மிகப் பழையது. எகிப்தின் கீசாவில் 1925-இல் ஜார்ஜ் ரெய்ஸ்னரின் அகழாய்வுக் குழு, பிரமிடு கட்டிய கூஃபு மன்னனின் தாய் ஹெடெபெரஸின் கல்லறையைக் கண்டெடுத்தது. உள்ளே தங்கத் தகடு போர்த்திய ஒரு விதானம் இருந்தது. தூண்கள், சட்டங்கள் எல்லாம் தனித்தனி. நிறுத்தித் திரை தொங்கவிட்டால் அரசியின் கட்டிலைச் சுற்றி ஓர் அறை. பிரித்தால் கட்டுக்கட்டாக எடுத்துச் செல்லும் சுமை. சட்டத்தின் முனை தூணின் துளைக்குள் போய் உட்காரும். தேயும் இடங்களில் செம்பு. ஏறக்குறைய 4,600 ஆண்டுகளுக்கு முன்பே, மரத்தோடு மரம் உரசக்கூடாத இடம் எது என்று ஒரு தச்சர் யோசித்திருக்கிறார்.

நம் பக்கத்தில் இந்தச் சிந்தனையின் உருவம் கடையாணிதான். அச்சின் நுனியில் குறுக்கே செருகிய சிறு ஆணி சக்கரம் கழன்றுவிடாமல் காக்கிறது. வள்ளுவர் பெருந்தேரையும் அச்சாணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருவம் சிறிது என்று யாரையும் இகழக்கூடாது என்றார். ஒரு பொறியாளர் அதே உவமைக்குள் இன்னொன்றையும் பார்ப்பார். சக்கரம் விலை மதிப்புள்ளது, அச்சும் அப்படித்தான். இரண்டுக்கும் இடையில் உராய்வைத் தாங்கித் தேய்ந்து போகிற துண்டு மட்டும் கையளவு. அது தேய்ந்தால் கொல்லுப்பட்டறையில் இன்னொன்று அடித்துக்கொள்ளலாம், வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆப்பும் இதே இனம். ஒரு சட்டத்தின் முனையை ஒல்லியாகச் செதுக்கி, இன்னொன்றின் துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் நீட்டிக்கொண்டு வரும் நுனியில் ஓட்டை போட்டு ஆப்பு அடிப்பார்கள். சுத்தியலின் அடி சரிவின் வழியாக இழுவிசையாக மாறி இரண்டு மரங்களையும் நெருக்கும். சரிவு போதிய அளவு சிறியதாக இருந்தால் உராய்வே ஆப்பைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் மரம் சுருங்கி இணைப்பு தளர்ந்தால் இன்னொரு அடி போதும். அந்த இடைவெளியை ஆப்பு தானே நிரப்பிக்கொள்கிறது. அடித்து அடித்து ஆப்பு நசுங்கிப் போனால் வேறு ஆப்பு. திருகாணிக்கு இந்தக் குணம் கிடையாது; அது பிடித்திருந்த மரம் தளர்ந்துவிட்டால் எவ்வளவு திருகினாலும் வீண்.

கட்டட வேலையில் சவுக்கு மரத்தில் சாரம் கட்டுகிறவர்களைப் பாருங்கள். அங்கே இணைப்பு வெறும் கயிறு. வேலை முடிந்ததும் கயிற்றை அறுத்துப் போடுகிறார்கள், கம்பு அடுத்த கட்டடத்துக்குப் போகிறது. கம்பில் ஓர் ஓட்டைகூட இல்லை. ஆணி அடித்திருந்தால் இரண்டு கட்டடத்துக்குள் முனை பிளந்திருக்கும். நம் பழைய கதவுகளுக்குக் கீல் கிடையாது, மேலும் கீழும் நீண்ட குடுமி குழிக்குள் சுழலும். கேரளத்து மர வீடுகளும் பிரிக்கக்கூடியவையாகக் கட்டப்பட்டவை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், அங்கிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி பூட்டிய வீடுகள் நிற்கின்றன. நூறாண்டு நின்ற வீட்டை இன்னொரு மாநிலத்தில் எழுப்ப முடிகிறது என்றால், அதைக் கட்டிய ஆசாரி கடைசி ஆப்பை அடிக்கும்போதே அது வெளியே வர வழி விட்டிருந்தார் என்று பொருள்.

பயணத்துக்காகவே பிறந்த மரச்சாமான் என்று பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சாமான்களைச் சொல்லலாம். இழுப்பறைப் பெட்டி நடுவில் இரண்டாகப் பிரியும், கால்கள் திருகி வெளியே வரும், மூலைகளுக்குப் பித்தளைக் காப்பு. அவற்றில் என் மனத்தைக் கவர்ந்தது ரூர்க்கி நாற்காலி. வங்கப் பொறியாளர் படையின் தலைமையிடமான ரூர்க்கியின் பெயரைச் சுமப்பது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. நான்கு கால்கள், அவற்றின் குழிகளில் சும்மா செருகிய குறுக்குக் கட்டைகள். கட்டையின் முனை கூம்பு வடிவம். பசை, ஆணி, திருகு எதுவும் இல்லை. இருக்கைத் துணியின் வார்களை இறுக்கினால் கட்டைகள் குழிக்குள் அழுந்தும். ஆள் உட்கார உட்கார இணைப்பு இன்னும் இறுகுகிறது. மேடு பள்ளமான தரையில் நான்கு காலும் சற்றே திரும்பி மண்ணைத் தொடும். கூம்பு தேய்ந்தாலும் கட்டை ஒரு மயிரிழை உள்ளே போகும், அவ்வளவுதான். டென்மார்க்கின் கோரே கிளிண்ட் 1933-இல் இதை அடியொற்றித்தான் தன் சஃபாரி நாற்காலியைச் செய்தார். எடை பெரும்பாலான இணைப்புகளுக்கு எதிரி. அதையே வேலைக்காரனாக்கிய வடிவம் இது.

இதுவரை சொன்ன எல்லாம் பயன்படுத்துகிறவரின் தேவைக்காகக் கழன்றவை. 19-ஆம் நூற்றாண்டில் கதை வேறு பக்கம் திரும்பியது. வியன்னாவில் மைக்கேல் தோனெட் 1859-இல் வெளியிட்ட 14-ஆம் எண் நாற்காலி, நீராவியில் வளைத்த பீச் மரத்தில் ஆறே துண்டுகள். சேர்க்கப் பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைப் பிரித்து அடுக்கிக் கப்பலேற்றினார்கள். காபிக்கடைகளில் உலகமெங்கும் அந்த நாற்காலி பரவியதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். ஒரு நூற்றாண்டு கழித்து, 1956-இல், ஸ்வீடனின் ஐக்கியாவில் கில்லிஸ் லுண்ட்கிரேன் ஒரு மேசை காருக்குள் நுழையாததைப் பார்த்து அதன் கால்களைக் கழற்றினார் என்பது அந்த நிறுவனமே சொல்லும் கதை. தட்டையான பெட்டியில் அடைத்த மரச்சாமான் அங்கே வேர் பிடித்தது.

இங்கேதான் சொல்லில் ஒரு குழப்பம் நுழைந்தது. கழற்றி அனுப்பக்கூடியது வேறு, கழற்றி மாட்டக்கூடியது வேறு. தோனெட் நாற்காலியை நாற்பது வருடத்தில் பத்து முறை பிரிக்கலாம், வளைத்த பீச் மரம் அதைப் பொறுக்கும். தட்டைப் பெட்டி அலமாரி தொழிற்சாலையிலிருந்து உங்கள் படுக்கையறை வரை ஒரு முறை வந்து சேர்வதற்காகப் பிரிந்திருக்கிறது. ஒருமுறை பூட்டியபின் அது கழன்றாலும் கழலாவிட்டாலும் விற்றவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைப்பதால்தான் வாங்குகிறவர் ஏமாறுகிறார்.

அந்த அலமாரியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் இன்று இருப்பது பெரும்பாலும் அதுதான். மரச்சீவலையும் பிசினையும் சூட்டில் அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் தொழிற்சாலை உற்பத்திக்கு வந்தது. அதன் மேல்தோலும் அடித்தோலும் நுண்ணிய சீவலால் கெட்டியாக இருக்கும், நடுவயிறு மட்டும் பொறுபொறுவென்று இருக்கும். பலகையின் விளிம்பில் ஆணி அடித்தால் அது அந்த வயிற்றில்தான் இறங்குகிறது. ஆசாரி காலங்காலமாக நம்பிய மரநார் அங்கே இல்லை.

இந்தப் பலகைக்கு ஏற்ற ஓர் ஒழுங்கை ஜெர்மன் தொழிற்சாலைகள் உருவாக்கின. 32 மி.மீ. இடைவெளியில், 5 மி.மீ. விட்டத்தில், முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. தள்ளி வரிசையாகத் துளைகள். பல துரப்பணங்களை ஒரே வரிசையில் பூட்டிய இயந்திரத்தில், பற்சக்கரங்களை அதைவிட நெருக்கமாக வைக்க முடியாததால் அந்த 32 வந்தது என்பார்கள். உங்கள் அலமாரியின் பக்கப்பலகையில் தட்டு தாங்கும் குமிழுக்கென்று மேலிருந்து கீழ்வரை ஓட்டைகள் இருந்தால் அளந்து பாருங்கள், பெரும்பாலும் 32 வரும்.

இந்த ஒழுங்குக்குள் பொருந்தி வந்ததுதான் நம் ஹார்டுவேர் கடைகளில் மினிஃபிக்ஸ் என்று கேட்டு வாங்கும் சாமான். அது ஜெர்மனியின் ஹெஃபலே நிறுவனம் வைத்த பெயர். இப்போது அந்த இனத்துக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. பக்கப்பலகையின் முகத்தில் ஒரு போல்ட் திருகி நிற்கும். தட்டுப் பலகையின் விளிம்பில் துளை, அதன் அடிப்புறத்தில் 15 மி.மீ. வட்டக் குழி, அதற்குள் துத்தநாகக் கலவையில் வார்த்த உருளை. போல்ட்டின் தலை விளிம்புத் துளை வழியாக உருளைக்குள் நுழைந்ததும், ஸ்க்ரூ டிரைவரால் உருளையை அரைச் சுற்று திருப்ப வேண்டும். அதன் உள்ளே சுருள் சரிவு ஒன்று இருக்கிறது. அது போல்ட் தலையைக் கவ்வி இழுக்கும். உற்றுப் பார்த்தால் இது வளைத்து வைத்த ஆப்புதான்.

இதன் புத்திசாலித்தனத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விளிம்பின் வலுவற்ற வயிற்றை அது மரை போட்டுக் கடிக்கவில்லை. குழியின் சுவரில் சாய்ந்து அழுத்துகிறது. பார்ட்டிகிள் போர்டு இழுவைக்கு நோஞ்சான், அமுக்கத்துக்கு ஓரளவு பலசாலி. 16 மி.மீ. பலகையில் 12.5 மி.மீ. ஆழம் தோண்டினால் மிச்சம் 3.5 மி.மீ. தோல்தான், ஆனாலும் நிற்கிறது. நேரே விளிம்புக்குள் திருகும் கன்ஃபர்மேட் ஸ்க்ரூ இதைவிட முரட்டுப் பிடி கொடுக்கும். ஆனால் ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் பலகையின் வயிற்றை அது கொஞ்சம் கொஞ்சமாக மாவாக்குகிறது.

அப்படியானால் மினிஃபிக்ஸ் ஏன் தோற்கிறது? தேய்மானம் விழும் இடம் உருளையில் இல்லை என்பதால். உருளை நசுங்கினால் சில ரூபாயில் இன்னொன்று கிடைக்கும். மறுமுனையில் போல்ட் பக்கப்பலகையின் முகத்தில் 5 மி.மீ. ஓட்டையில் நேராகத் திருகியிருக்கிறதே, அங்கேதான் விழுகிறது. அந்த மரை பார்ட்டிகிள் போர்டிலேயே வெட்டப்பட்டது. வீடு மாறும்போது போல்ட்டையும் கழற்றிவிட்டால், அடுத்த முறை பழைய மரைத்தடத்தில் சரியாக உட்காராமல் புதுத்தடம் வெட்டும். இரண்டு முறை அப்படி நடந்தால் ஓட்டைக்குள் மரையே மிஞ்சாது. கழற்றுகிறவர்களுக்கு என் வேண்டுகோள், உருளையைத் தளர்த்திப் பலகையை மட்டும் எடுங்கள், போல்ட் பக்கப்பலகையிலேயே இருக்கட்டும். மேலே துணி சுற்றிக் கட்டி ஏற்றினால் போதும்.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. ஓர் அலமாரி இணைப்பில் மூன்று வேலைகள் இருக்கின்றன. பலகைகளைச் சரியான இடத்தில் நிறுத்த 8 மி.மீ. மரக்குச்சி, இழுத்து இறுக்க மினிஃபிக்ஸ், பெட்டி சாய்சதுரமாக நெளியாமல் காக்கப் பின்பலகை. அவசரத்தில் பூட்டுகிறவர்கள் குச்சியை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அது இல்லாமலும் அலமாரி நிற்கிறது. அன்றிலிருந்து தட்டின் முழு எடையும் ஒல்லிப் போல்ட்டின் மேல் குறுக்காக விழும். சிலர் நேர் எதிராக, கெட்டியாக இருக்கட்டும் என்று குச்சிக்குப் பசை தடவிவிடுகிறார்கள். பிறகு கழற்றும்போது குச்சியோடு பலகையின் தோலும் பிய்ந்து வரும். மெல்லிய பின்பலகையைச் சின்ன ஆணிகளால் அடித்திருப்பார்கள். அதைக் கழற்றாமல் அலமாரியைத் தூக்கினாலும் கேடு, பிடுங்கி எடுத்தாலும் கேடு. மொத்தப் பெட்டியின் நேர்த்தியைக் காக்கும் பலகை இத்தனை அலட்சியமாக ஆணியில் தொங்குவது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

மாற்று இல்லாமல் இல்லை. மரத்துக்குள் வெளிமரை கொண்ட பித்தளைக் குழல் ஒன்றை ஒருமுறை இறக்கிப் பசையிட்டு நிறுத்திவிட்டால், அதன் உள்மரையில் போல்ட்டை எத்தனை முறையும் திருகலாம். உலோகத்தோடு உலோகம் உரசும், மரத்துக்கு வேலையில்லை. கட்டில் சட்டங்களுக்கு உருளை நட்டு இன்னும் சிறந்தது. சட்டத்தின் குறுக்கே துளைத்து உருளை வடிவ நட்டை உள்ளே போட்டு, காலின் வழியாக நீள போல்ட்டைச் செலுத்தி அதில் பிடிக்க வைப்பார்கள். இழுவை முழுவதும் உருளையின் முதுகில், அமுக்கமாக மரத்தில் இறங்கும். இப்படிச் செய்த கட்டில் ஆறேழு வீடு மாறியும் ஆடாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கூடுதல் செலவு ஒரு கட்டிலுக்குச் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். கேட்டால் எந்த ஆசாரியும் செய்வார், நாம் கேட்பதில்லை.

அண்மைக் காலப் புதுமைகள் வேறு திசையில் போகின்றன. சுவிட்சர்லாந்தின் லாமெல்லோ நிறுவனத்தின் கிளாமெக்ஸ், விளிம்பில் தனி இயந்திரத்தால் வெட்டிய காடிக்குள் நழுவி உட்காரும். வெளியே தெரிவது சாவி நுழையும் ஒரு சிறு துளை மட்டும். ஸ்வீடனின் வாலிங்கே நிறுவனம் 1990-களில் பசையில்லாமல் ஒன்றில் ஒன்று மாட்டும் தரைப்பலகையைக் கொண்டுவந்து, பிறகு அதே எண்ணத்தை அலமாரிப் பலகைகளுக்கும் நீட்டியது. பலகையின் விளிம்பையே நாக்கும் காடியுமாகச் செதுக்கி, உள்ளே ஒரு நெகிழும் பிளாஸ்டிக் துண்டு வைத்து, தட்டினால் பூட்டிக்கொள்ளும்படி செய்கிறார்கள். கருவியே வேண்டாம், சில நிமிடங்களில் அலமாரி எழும்பிவிடும். அழகான வேலை. ஆனால் என் கேள்வி அங்கேயும் நிற்கிறது. பலகையின் விளிம்பே பூட்டாகிவிட்டால், அந்த விளிம்பு ஒருமுறை நசுங்கியதும் பலகையே போயிற்று. தனிக் காப்புரிமை கொண்ட பிளாஸ்டிக் துண்டு தொலைந்தால் தெருமுனைக் கடையில் கிடைக்காது. பழைய 15 மி.மீ. உருளை எங்கேயும் கிடைக்கிறது, பத்து நிறுவனங்கள் ஒரே அளவில் செய்கின்றன. பழுது பார்க்கிறவனுக்கு அந்தப் பொது அளவு புத்திசாலித்தனத்தைவிடப் பெரிய உதவி.

கட்டடங்களில் இந்தப் பாடத்தை முன்பே கற்றுக்கொண்டார்கள். லண்டன் ஹைடு பூங்காவில் 1851-இல் ஒரு கண்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய பளிங்கு மாளிகையில் வார்ப்பிரும்பு உத்தரங்களைத் தூண்களோடு ஆப்பு வைத்து இறுக்கினார்கள். கண்காட்சி முடிந்ததும் பிரித்துக் கொண்டுபோய் 1854-இல் சிடனத்தில் இன்னும் பெரிதாக எழுப்ப முடிந்தது. இன்று உலகெங்கும் கட்டட வேலைகளில் நிற்கும் எஃகுச் சாரங்களில் ஒரு முக்கிய வகை, ஜெர்மனியின் லாயர் நிறுவனம் 1974-இல் கொண்டுவந்தது. தூணில் எட்டுத் துளை கொண்ட தட்டு, சட்டத்தின் முனையில் ஓர் ஆப்பு, ஒரே சுத்தியல் அடி. கழற்றக் கீழிருந்து ஓர் அடி. நட்டு போல்ட்டைவிட இது வேகமானது என்பதோடு, சிமென்டும் துருவும் மரையை அடைத்துக்கொள்ளும் தொல்லையும் இல்லை.

பெய்லி பாலத்தில் தத்துவம் முழுவதும் ஓர் ஆணிக்குள் அடங்கியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் டொனால்டு பெய்லி வடிவமைத்தது. பத்தடி நீளமுள்ள எஃகுச் சட்டகம் ஒன்று ஏறக்குறைய 260 கிலோ, ஆறு பேர் தூக்கலாம். அடுத்த சட்டகத்தோடு சேர்க்கும் இடத்தில் துளைகளுக்குள் கெட்டி எஃகு முளை ஒன்றைச் செருகினால் வேலை முடிந்தது. வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவு சூரல்மலையையும் முண்டக்கையையும் அடித்துக்கொண்டு போனபோது, ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை மழைக்கும் சேற்றுக்கும் நடுவே பூட்டி ஆகஸ்ட் 1 அன்று முடித்தார்கள். மண்வாரி இயந்திரங்களும் ஆம்புலன்ஸ்களும் அதன் மேல்தான் அக்கரை போயின. அங்கே பசை காயும்வரை காத்திருக்கவோ வெல்டிங் செய்யவோ நேரம் ஏது?

மரச்சாமான் தொழிலும் இந்தப் பக்கம் தள்ளப்படும் என்றே தோன்றுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 18 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நிலைத்த பொருள் வடிவமைப்புச் சட்டம், பொருள்கள் நீடித்து உழைக்க வேண்டும், பழுது பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. முதல் கட்டமாக விதி வகுக்கப்படும் பொருள்களில் மரச்சாமானும் உண்டு. அந்த விதிகள் எழுதப்படும்போது, பூட்ட எத்தனை நிமிடம் என்பதோடு, எத்தனை முறை பூட்டலாம் என்ற எண்ணும் பெட்டியின் மேல் அச்சாக வேண்டும் என்பது என் ஆசை. வாடகை வீட்டில் வாழ்கிறவருக்கு அலமாரியின் நிறத்தைவிட அந்த எண் முக்கியம்.

என் அலமாரியை நான் தூக்கிப் போடவில்லை. பக்கத்துத் தெரு ஆசாரி வந்து பார்த்தார். மரை போன எட்டு ஓட்டைகளையும் 10 மி.மீ. அளவுக்குப் பெரிதாக்கி, ஒவ்வொன்றிலும் பசை தடவித் தேக்குக் குச்சியை அடித்து இறக்கினார். மறுநாள் அவற்றின் நடுவில் புதிதாகத் துளைத்து, பித்தளைக் குழல் வைத்து, உலோக மரை கொண்ட போல்ட்டுகளைப் பூட்டினார். பின்பலகையின் ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிட்டுத் திருகாணி வைத்தார். "இனிமே பலகை இத்துப் போனாத்தான் உண்டு சார், இது கழலாது, கழட்டினா மாட்டலாம்" என்றார். வீட்டுக்காரர் அடுத்த மே மாதம் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். உபரியாக வாங்கிய நான்கு உருளைகளையும் இரண்டு போல்ட்டுகளையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, அலமாரியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.